காற்று எடுத்தது எவ்வளவு, கறையான் எடுத்தது எவ்வளவு

ஐப்பசி மாதத்துப் பின்னேரம், நாலரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்திருந்தேன். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசியில் அது புதினமில்லை. பின்னேரத்தில் இடி முழங்கி, அரை மணித்தியாலம் கொட்டிவிட்டுப் போகும். எங்கள் ஊர் மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். காற்றும் மழையும் எங்களுக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு மழைக்கு முன்னமே காற்று வந்துவிட்டது. முதலில் முன்பக்கத்துத் தகரப் போட்டிக்கோ சடசடவென்று அடித்தது. பிறகு ஒரு பெரிய சத்தம். லொறி நிறைய ஓடு கொண்டுவந்து வாசலில் கவிழ்த்த மாதிரி. அம்மா சாமியறைக்குள்ளிருந்து "மனே, முகடு போகுது கா" என்று கத்தினா. அண்ணாந்து பார்த்தேன். ஹோல் சீலிங்கில் ஒரு பலகை விலகியிருந்தது, அதற்கு மேலே வானம் தெரிந்தது. எல்லாம் பத்து நிமிடம்கூட இல்லை. காற்று அடங்கியபோது மேற்குப் பக்கக் கூரையில் பாதியைக் காணவில்லை. போட்டிக்கோத் தகரம் பக்கத்து வளவுத் தென்னையில் சுற்றிக் கிடந்தது.

அம்மாவுக்கு 78ஆம் ஆண்டுச் சூறாவளி ஞாபகம். கார்த்திகை 23ஆம் தேதி இரவு கிடுகுக் கூரை பறந்ததையும், விடியப் பார்த்தபோது ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னை இல்லை என்பதையும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. "அப்ப ஆர் தந்தது இன்சூரன்ஸ்? கிடுகு பின்னிப் போட்டுக்கிட்டு இருந்தம்" என்றா. எனக்கு மனதில் ஒரு தைரியம் இருந்தது. வீட்டுக் கடன் எடுக்கும்போதே வங்கி காப்புறுதி போட வைத்தது. வருடா வருடம் கணக்கிலிருந்து காசு வெட்டுகிறார்கள். கூரை போனால் அவர்கள் தருவார்கள் என்று நினைத்தேன். தந்தார்கள்தான். 4,60,000 ரூபாய் செலவுக்கு, ஐந்து மாதம் கழித்து, 1,62,000 ரூபாய். அந்த இடைவெளி எங்கே போனது என்பதைத்தான் எழுதுகிறேன். கணவர் கத்தாரில், வீட்டில் நானும் அம்மாவும் மட்டும், கேட்டுப் பார்க்க ஆளில்லை. யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அதில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருப்பேன்.

முதல் பிழை அன்றிரவே நடந்தது. முகவருக்குப் போன் எடுத்தேன். "அக்கா, ஒண்டையும் தொடாதீங்க. சேதத்தை மதிப்பிடுற அசஸர் வந்து பாக்குமட்டும் அப்பிடியே இருக்கட்டும்" என்றார். நல்ல பிள்ளை, வேண்டுமென்று சொல்லவில்லை. நானும் வகுப்பில் சொல்வழி கேட்கும் மாணவி மாதிரி அப்படியே விட்டேன். இரண்டு நாள் கழித்து இரவு மழை. காற்றே இல்லை, வெறும் மழை. ஆனால் திறந்த கூரைக்குள்ளால் இறங்கி மிச்சச் சீலிங்கையும் ஊறவைத்து, விடியற்காலை நாலு மணிக்கு அது இரண்டாக மடிந்து விழுந்தது. பிறகு அசஸர் வந்து கேட்ட முதல் கேள்வி, "ஏன் டீச்சர் தறப்பாள் போடல்ல?" முகவர் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறதாம்: சேதம் மேலும் கூடாமல் தடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. இரண்டாவது மழையில் ஊறியது புயல் சேதமில்லை, என் கவனயீனம். அதற்கு 35,000 வெட்டு. ஆகவே முகவர் "தொடாதீங்க" என்றால் அதன் பொருள் திருத்தவேலை தொடங்காதீர்கள், உடைந்ததை எறியாதீர்கள் என்பதுதான். மூடாமல் விடுங்கள் என்பதல்ல. முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள், கூரை முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, கிட்ட ஒன்று. பிறகு உடனே தறப்பாள் போடுங்கள். தறப்பாள், கயிறு, ஏறிக் கட்டிய ஆளின் கூலி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டுத் துண்டு வாங்கி வையுங்கள், அதையும் கோரலாம். நான் இரண்டாம் மழைக்குப் பிறகு 6,500 ரூபாய்க்குத் தறப்பாள் வாங்கினேன். துண்டு வாங்கவில்லை.

அசஸர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். அதற்குள் எனக்கு வேறொரு அதிர்ச்சி. பத்திரத்தின் பிரதியே என்னிடம் இல்லை. வங்கியில் கேட்டபோது அது கடன் கோவைக்குள் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மூன்றாவது "நாளைக்கு"த்தான் கிடைத்தது. ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். மருமகன் பெடியன் வந்திருந்து வாசித்துச் சொன்னான். அடிப்படையில் அது தீக்காப்புறுதி. புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் அதற்கு மேல் சேர்த்துக்கொண்ட இணைப்புகள். எங்கள் பத்திரத்தில் புயலும் வெள்ளமும் இருந்தன, அது அதிர்ஷ்டம். எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் பத்திரத்தில் தீயும் மின்னலும் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. அவ அன்றைக்கே வங்கிக்கு ஓடினா. உங்களுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், மழைக்காலம் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்தது, காப்புறுதித் தொகை. எங்களுடையது 30 இலட்சம். ஏன் 30 என்றால் நாங்கள் எடுத்த கடன் 30 இலட்சம். வங்கி தன் காசைத்தான் காப்புறுதி செய்திருக்கிறது, என் வீட்டை அல்ல. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது விளங்கவில்லை.

அசஸர் அமைதியான மனிதர். ஏணி கேட்டார், சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். ஒவ்வொரு கைமரமாக அதன் நுனியால் குத்திக் குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் டக்கென்று நின்றது. மூன்று கைமரத்தில் நுனி கொஞ்சம் உள்ளே போனது. "கறையான் இருக்கு டீச்சர்." எனக்கு நெஞ்சு பகீரென்றது. அந்த இடத்தில் மட்டும்தான், அதுவும் சுவரோரத்து நுனியில், பழைய தடம் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். அவரிடமிருந்துதான் கூரையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கற்றேன். காற்று ஓடுகளை அமுக்கி உடைப்பதில்லை, மேலே இழுத்துத் தூக்குகிறது. அந்த இழுப்பு முகட்டிலும் ஓரத்திலும் மூலையிலும்தான் கூட. ஆகவே ஓரத்து வரிசையும் முகட்டோடும் ஒன்றாகக் கிளம்பியிருந்தால் அது காற்று. நடுக்கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்த ஓடு இருந்தால் அது வயது. எங்களுடையதில் மேற்கு ஓரம் முழுதும் பெயர்ந்திருந்தது, அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீர் விஷயத்திலும் இதே கணக்குத்தான். காற்று திறந்த வழியால் இறங்கிய மழை காப்புறுதிக்குள் வரும். முன்னமே நகர்ந்திருந்த ஓட்டு இடுக்கால் ஒழுகியது வராது. அம்மா நல்ல மனதோடு "இந்த மூலை முந்தியே ஒழுகும் தம்பி, வாளி வைப்பம்" என்று சொல்லிவிட்டா. நான் கண்ணைக் காட்டினேன், அவ பார்க்கவில்லை. நல்லவேளை, அது வேறு மூலை.

போட்டிக்கோவை அவர் பார்த்த விதத்திலேயே விளங்கிவிட்டது. இரும்புப் பைப்பில் தகரம், சுவர் இல்லை, வீட்டுப் பிளானிலும் இல்லை. "இது தற்காலிகக் கொட்டகை, வேலி கேற் மாதிரித்தான். பத்திரத்தில பேர் சொல்லி எழுதினாத்தான் வரும்." அந்த 80,000 அப்படியே போனது. தகரத்தைப் பிடித்த கொக்கி ஆணிகளையும் கையில் எடுத்துக் காட்டினார், உப்புக்காற்றில் பாதி தின்னப்பட்டு ஊசி மாதிரி இருந்தன. துரு, உக்கல், கறையான் எதுவுமே காப்புறுதிக்குள் இல்லை. கடலோரத்தில் இருக்கிற நாங்கள் ஒவ்வொரு புரட்டாசியிலும் கொக்கி ஆணியைப் பார்த்து மாற்ற வேண்டும், ஓரத்து இரண்டு வரிசை ஓட்டைச் சாந்து வைத்துப் பிடிக்க வேண்டும் என்று ஓடாவியார் எத்தனையோ தரம் சொன்னவர். கூரை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டோம்.

இனி நான் மிகவும் வெட்கப்படுகிற இடம். அசஸர் போய் ஒரு மாதத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மூன்று கைமரத்துக்கும் அதன் சலாகைகளுக்கும் போட்ட 45,000 பற்றி மேலதிகாரிக்குக் கேள்வியாம், மரத்தை வைத்திருக்கிறீர்களா, திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூரை அதற்குள் திருத்தியாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சை, மார்கழி மழை, எவ்வளவு நாள் தறப்பாளுக்குக் கீழே இருப்பது? நகையை அடகு வைத்து 3 இலட்சம் எடுத்து வேலையைத் தொடங்கினோம். கழற்றிய மரம் எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "அது கிணத்தடி அடுப்புக்கு வெட்டிப் போட்டன் மனே, நல்லா எரிஞ்சுது." நல்ல மரம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது. என் போனில் இருந்த படத்தில் கைமரத்தின் வெளிப்பக்கம்தான் தெரிந்தது, வெட்டுமுகம் இல்லை. கறையான் என்று எழுதி 45,000ஐயும் கழித்தார்கள். திருத்தவேலை செய்ய முன்பு எழுத்தில் அனுமதி கேளுங்கள், குறைந்தது ஒரு வாட்ஸப் செய்தியாவது அனுப்புங்கள். கழற்றிய மரம், ஓடு, ஆணி எல்லாவற்றிலும் சிலதை, கிளெயிம் முடியும்வரை, ஒரு சாக்கில் கட்டி ஒதுக்கி வையுங்கள். மரத்தை அறுத்தால் அறுத்த முகத்தைப் படம் எடுங்கள்.

இடையில் இன்னொரு கூத்து. அந்த நாளில் புயல் அடித்ததற்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. மட்டக்களப்பு நகரில் உள்ள வானிலை அவதான நிலையத்தின் பதிவில் அன்றைக்குக் காற்று சாதாரணமாம். நகரத்துக்கும் எங்களுக்கும் முப்பது கிலோமீற்றருக்குக் கிட்டத் தூரம். இடைப்பருவத்து இடிமழையோடு வருகிற காற்று ஒரு ஊரைப் பிய்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகாமலே அடங்கும், பேப்பரில் மினி சூறாவளி என்று எழுதுவார்களே, அது. இதற்குக் கைகொடுத்தவர் எங்கள் கிராம சேவகர், ஜீ.எஸ் என்கிறோமே, அவர். மறுநாள் காலையிலேயே வந்து எந்தெந்த வீட்டில் என்ன சேதம் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். அந்தத் திகதி, நேரம், எங்கள் வீதியில் சேதமான மற்ற வீடுகள் எல்லாம் வருகிற மாதிரி ஒரு கடிதம் தந்தார். அதோடு விழுந்த மரங்களின் படம், உள்ளூர்ச் செய்தித் துண்டு ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. உங்கள் ஒரு வீட்டில் மட்டும்தான் சேதம் என்றால் கேள்வி கூடத்தான் கேட்பார்கள், ஆகவே அயலட்டத்துச் சேதத்தையும் படம் எடுத்து வையுங்கள். அயலவரிடம் கேட்டுவிட்டு.

ஜீ.எஸ் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. 2016இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், இயற்கை அனர்த்தத்தில் சேதமான வீடுகளுக்கு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் மூலம் அரசாங்கம் நட்டஈடு கொடுத்துவந்திருக்கிறது, ஒரு வீட்டுக்கு உச்சம் 25 இலட்சம் வரை. கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை, பிரதேச செயலகம் ஊடாகத்தான் போனது. எனக்குத் தனியார் காப்புறுதி இருக்கிறதே என்ற மமதையில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. எந்தச் சேதத்துக்கும் முதலில் ஜீ.எஸ்ஸிடம் பதிந்துவிடுங்கள், காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மார்கழி கடைசியில் கம்பெனிக் கடிதம் வந்தது. 1,35,000 ரூபாய். கையொப்பமிட்டு அனுப்பினால் முழுத் தீர்வு. நான் கேட்டது 4,60,000: கூரைக்கு 2,85,000, சீலிங்கும் வயரிங்கும் 95,000, போட்டிக்கோ 80,000. கணக்கை அன்றிரவு மருமகன் பெடியனோடு இருந்து உடைத்துப் பார்த்தேன். போட்டிக்கோ, கறையான் மரம், இரண்டாவது மழை மூன்றும் போக மிச்சம் 3,00,000. சரி, அதை ஏற்கலாம். அது எப்படி 1,35,000 ஆனது? அதுதான் அவரேஜ் என்கிற நிபந்தனை. அசஸர் வீட்டை அளந்து 1,200 சதுர அடி, இன்றைக்குத் திரும்பக் கட்ட சதுர அடிக்கு 5,000 ரூபாய், மொத்தம் 60 இலட்சம் என்று போட்டிருந்தார். நான் காப்புறுதி செய்தது 30. பெறுமதியில் பாதிக்குத்தான் கட்டணம் கட்டியிருக்கிறாய், ஆகவே எந்தச் சேதத்திலும் பாதிதான் தருவோம் என்பது அதன் அர்த்தம். வீடு முழுதும் போனால் மட்டும்தான் இது பொருந்தும் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, பத்து ஓடு போனாலும் பொருந்தும். 3,00,000 பாதியாகி 1,50,000. அதில் முதல் 10 சதவீதம் வீட்டுக்காரர் தாங்க வேண்டியது, எக்ஸஸ் என்கிறார்கள், 15,000. மிச்சம் 1,35,000.

கோபத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிடத்தான் பார்த்தேன், தொல்லை முடியட்டும் என்று. பெடியன்தான் அந்த 1,200இல் நின்றான். "மாமி, எங்கட வீடு ஆயிரம்தானே?" அளந்து பார்த்தோம். ஆயிரம்தான். மிச்சம் 200 எங்கிருந்து வந்தது? போட்டிக்கோ! நட்டஈடு கேட்கும்போது அது வீட்டில் சேராத கொட்டகை, பெறுமதி போடும்போது அது வீடு. அன்றிரவே கடிதம் எழுதினேன், தமிழில்தான், பிளானின் பிரதியோடு. போட்டிக்கோவை இரண்டில் ஒரு பக்கம் வையுங்கள், இரண்டு பக்கமும் வைக்க முடியாது என்று எழுதினேன். பதில் திருப்தியில்லாவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறைப்பாடு செய்வேன் என்று கடைசியில் ஒரு வரி. மிரட்டலாக இல்லை, தகவலாக. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் முறையிட்டு, அந்தப் பதிலோடுதான் அங்கே போக வேண்டும், ஆகவே போனில் பேசித் தீர்க்கப் பார்க்காமல் எல்லாவற்றையும் கடிதத்தில் செய்வது நல்லது. ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. சதுர அடிக்கு 5,000 என்பது குறைவு. மேசனிடம் கேட்டதற்கு 6,500க்குக் குறைந்து இந்தப் பக்கம் வீடு கட்ட வரமாட்டேன் என்றார். அந்தத் தொகையைப் போட்டால் எனக்குத்தான் நட்டம். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தை கடைசியில் திருத்திய கடிதம் வந்தது. 50 இலட்சத்துக்கு 30, அறுபது சதவீதம், 1,80,000. எக்ஸஸ் 18,000 போக 1,62,000. ஒரு கடிதத்துக்கு 27,000 ரூபாய். அதற்குப் பிறகும் காசு என் கைக்கு வரவில்லை, காசோலை வங்கியின் பெயரில். வீடு ஈட்டில் இருக்கிறபடியால் முதல் உரிமை அவர்களுக்கு. திருத்தவேலைப் பற்றுச்சீட்டு எல்லாம் காட்டி, மேலாளரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் வாங்கி, கணக்குக்கு வந்தபோது பங்குனி. அடகு வட்டி கிட்டத்தட்ட 19,000. லீவு ஏழு நாள். முழுப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்திருந்தால் அதே 3,00,000க்கு 2,70,000 வந்திருக்கும். அந்த ஒரு காரணத்தால் மட்டும் போனது 1,08,000.

இந்த வருடம் புதுப்பிக்கும்போது நானே முகவரைக் கூப்பிட்டேன். மேசன் சொன்ன 6,500 கணக்கில் 65 இலட்சம், காணியின் விலையைச் சேர்க்காமல், வீட்டுக்கு மட்டும். 4,200ஆக இருந்த வருடக் கட்டணம் 9,000க்குக் கிட்டப் போனது. வங்கிக்கு வேண்டியது 30தான், மிச்சத்துக்கு நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள் என்று வங்கிப் பிள்ளை கேட்டா. பதில் சொல்லப் போனால் பின்னேரமாகிவிடும் என்று சிரித்துவிட்டு வந்தேன். போட்டிக்கோவைத் திரும்பப் போட்டோம், பைப்புக்கு மேலே இரட்டைக் கொக்கி ஆணி. அதைப் பேர் சொல்லிப் பத்திரத்தில் எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார்கள். பிரதி என்னிடம் அலுமாரியில் இருக்கிறது, போனிலும் இருக்கிறது, கத்தாருக்கும் அனுப்பியாகிவிட்டது. கூரை வேலையில் மிஞ்சிய இரண்டு கைமரத் துண்டு குசினிக்குப் பின்னால் கிடக்கிறது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறா.